மரங்களுக்கு ஒரு பெரட்டு

"ஏன் இன்னும் தளிர் விடவில்லை? மூன்று நாளுக்குள் காரணம் தெரிவிக்கவும்" என்று ஒரு மரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கடிதம் வாங்கியது ஒரு பலாக்கன்று. கடிதத்தை மடித்துக் கன்றின் அடியில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்து அழுத்திவிட்டுப் போனார். நம்பினால் நம்புங்கள், நாலாம் நாள் அது தளிர் விட்டது.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நான் ஒன்பது வருடம் படிப்பித்தேன். அந்தத் தோட்டத்தில்தான் அவர் இருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாருக்கும் அவர் பெரட்டு ஐயா.

தோட்டப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தொழிலாளர்களைத் திடலில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு விரட்டு என்று பெயர். நம்முடைய ஐயா கணக்கப்பிள்ளையாக இருந்து முப்பத்தாறு வருடம் பெரட்டுக் கூப்பிட்டவர். உத்தியோகத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், தொண்டைக்கு யாரும் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த முதல் வாரம் வாசலில் நின்று கோழிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாராம். கோழிகள் வரிசையில் நிற்க மறுத்ததால் அந்த முயற்சியைக் கைவிட்டதாக அவர் மனைவியே என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பாடசாலைக்குப் பசுமை விழா வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு நடத்தியது. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று இருபதடி நீளத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு பதாகை கட்டினார்கள். பாடசாலைக்குப் பின்னால் இருந்த சரிவில் கிராம சேவகர், பதுளையிலிருந்து வந்த ஒரு வங்கி மனேஜர், எங்கள் அதிபர், நான், இன்னும் ஊரில் வெள்ளைச் சட்டை வைத்திருந்த எல்லாருமாகச் சேர்ந்து நாற்பது கன்று நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் நட்டவருடைய பதவி எழுதிய பலகை. பிறகு போட்டோ எடுத்துக்கொண்டு, பொலித்தீனில் சுற்றிய சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் கன்றுகள் வாடின, பலகைகள் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தன.

ஒரு நாள் அந்தப் பக்கம் போன பெரட்டு ஐயா அப்படியே நின்றுவிட்டார். நாற்பது பேர். பலகையில் பேர். வரிசை. யாரும் நகரவில்லை. மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் சொக்ஸ், கையில் பேரேடு, காதில் பென்சில் என்று அந்தச் சரிவில் வந்து நின்றார்.

"கிராம சேவகர்!"

தானே குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, "வந்திருக்கேங்க!"

"பேங்க் மனேஜர்!"

பதில் இல்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "தலைய ஆடு மேஞ்சிருச்சு. அரைப்பேர்." அரை நாள் வேலை செய்தவருக்குப் போடுவது அது.

"அதிபர் சேர்!"

மறுபடியும் குனிந்தார். "இல்ல. வேரோட காஞ்சு போயிட்டாரு."

அவருடைய குரல் மூன்று மலைக்குக் கேட்கும். அன்றைக்குக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் எல்லாருக்கும் ஊர்ப் பெரியவர்களின் உடல்நிலை அத்துப்படியாகிவிட்டது. அடுத்த வாரம் பதுளை வங்கியில் வரிசையில் நின்ற ஓர் அக்கா, மனேஜரைக் கண்டதும் மனம் பொறுக்காமல், "சேர், ஒங்க தலைய ஆடு மேஞ்சிருச்சாமே?" என்று கேட்டுவிட்டார். மனேஜருக்கு நல்ல வழுக்கை. பாவம், கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்திருக்கிறார். விசயம் விளங்கியதும் அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து வந்து தன் கன்றைச் சுற்றி வலை அடித்தார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்து, தான் எப்படி வளர்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் அதிபருக்குத்தான் பொறுக்கவில்லை. காலைக் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "டீச்சர், நான் உசுரோட இருக்கேன்னு அந்தாளுகிட்ட ஒருக்கா சொல்லுங்க" என்று என்னிடம் கெஞ்சினார். என் நிலைமை மட்டும் என்ன? என்னுடைய மருதங்கன்று முதல் மாதமே போய்விட்டது. என் குவாட்டர்ஸ் சரிவுக்குப் பக்கத்தில். தினமும் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது சரியாக, "டீச்சர்!... இல்ல!" என்று கேட்கும். இருக்கிற ஒருத்தியை இல்லை இல்லை என்று தினமும் சொன்னால் கோபம் வருமா வராதா?

அடுத்ததாக, பசுமை வாழ்க்கைப் பயிற்சிப் பட்டறை என்று ஒன்று வந்தது. வருகிறவர்களின் பேர் எழுத ஆள் வேண்டுமென்று நான்தான் புத்தி கெட்டுப்போய் ஐயாவை வாசலில் உட்கார வைத்தேன். ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தது. ஒன்பது ஐந்துக்குக் கதவைச் சாத்திவிட்டார். கொழும்பிலிருந்து விரிவுரை செய்ய வந்தவர் பத்தரைக்கு வந்து தட்டினார்.

"பிந்திட்டீங்க. நாளைக்கு வாங்க."

"ஐயா, நான்தான் பேச வந்தவன்!"

"அப்ப இன்னும் வெள்ளன வந்திருக்கணுமே?"

கடைசியில் அவரைப் பின்பக்க ஜன்னல் வழியாக ஏற்றினோம். காற்சட்டையில் சுண்ணாம்போடு நின்று, "ஷவரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் குளிக்காதீர்கள்" என்று அறிவுரை சொன்னார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழும்பி, "சேர், அந்த ஷவர இன்னைக்கே குடுக்கிறீங்களா, இல்ல பேர் எழுதிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் எங்களுக்குச் சிரிக்கிற விசயம் இல்லை. மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைப் பிள்ளைகள் போத்தலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெயில் காலத்தில் பீலி வற்றிவிடும், கழிப்பறையைப் பூட்டிவிடுவோம். அந்த மாதங்களில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் பாடசாலைக்கு வரமாட்டார்கள். வராமல் இருந்து பழகிய சிலர் பிறகு வரவேயில்லை. அவர்களின் வெறும் மேசைகளை நான் தினமும் துடைத்து வைப்பேன்.

அதனால்தான், நட்ட கன்றுகளைக் காப்பாற்றிய பாடசாலைக்குப் மழைநீரைச் சேர்த்து வைக்கப் பெரிய தாங்கி ஒன்று கட்டித் தருவோம் என்று அந்த அமைப்பு அறிவித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. படிவத்தில் 'உயிருடன் உள்ள கன்றுகள்' என்ற இடத்தில் நாற்பது என்று எழுதினேன். உண்மையில் பதினொன்று. பார்வையிட வருகிறோம் என்று பதில் வந்ததும், முதல் நாள் பின்னேரம் இருபத்தொன்பது கொய்யாக் கிளைகளை வெட்டிக்கொண்டு போய் வெறும் குழிகளில் குத்தி வைத்தேன். சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியை நான்!

கடைசிக் கிளையைக் குத்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே பெரட்டு ஐயா.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் 'வந்திருக்கு'ன்னு சொல்லிருங்க. பொம்பளப் புள்ளைகளுக்குத் தண்ணி வேணும் ஐயா."

அவர் குனிந்து ஒரு கிளையைப் பார்த்தார். "வெளங்குதுங்க டீச்சர். ஆனா வராத ஆளுக்கு நான் பேர் போட்டதில்லங்க. எங்க வீட்டுக்காரி பிந்தி வந்தப்பவே வெரட்டியிருக்கேன்."

"அன்னைக்கு வீட்டுக்குப் போனப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

"அவளும் என்னைய வெரட்டிட்டா."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் நீங்க வராம இருங்களேன்."

"பெரட்டுக்கு நானே வராட்டி எப்புடிங்க?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டது போல.

மறுநாள் அந்த அமைப்பிலிருந்து பார்வையிட வந்த கொழும்பு மேடம் காலை ஆறு மணிக்கே வந்து நின்றார். ஜன்னல் வழியாக ஏறிய விரிவுரையாளர் இந்தப் பெரட்டைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார், கட்டாயம் பார்க்க வேண்டுமென்று இரவே பதுளையில் தங்கி வந்துவிட்டார். ஐயா பேரேட்டைத் திறந்தார்.

"பேங்க் மனேஜர்!"

"வந்திருக்கேங்க!"

"அதிபர் சேர்!"

கிட்டப் போனார், கிளையைப் பிடித்தார், இழுத்தார். வேரில்லாமல் கையோடு வந்தது. "இது வேற ஆளு. கொய்யா. பேர் குடுக்காம வரிசையில நிக்குது. வெரட்டு!" என்று தூக்கி ஒரு பக்கம் போட்டார். இப்படியே இருபத்தொன்பது தடவை. வரவேற்பு விழாவுக்குத் தோரணம் கட்ட விடியவே வந்திருந்த பிள்ளைகள், முதல் நிகழ்ச்சி இதுதான் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் கைதட்டி, கூட்டாக எண்ணவும் தொடங்கிவிட்டார்கள். "டீச்சர்!" என்று கூப்பிட்டு என்னுடைய கிளையை இழுத்தபோது மட்டும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிவத்துல நாப்பதுன்னு இருக்கே, டீச்சர்?"

"பொய் மேடம். நான் எழுதின பொய்."

அவர் என்னைத் திட்டவில்லை. "இந்த வருசம் ஒங்களுக்குத் தர ஏலாது. அடுத்த வருசம் வந்து பார்க்கிறேன். இதே ஆறு மணிக்கு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விழா முடிந்ததும் நேராக ஐயாவிடம் போனேன். "ஒங்களாலதான் புள்ளைகளுக்குத் தண்ணி இல்லாமப் போச்சு. இனிமே என் பேரக் கூப்புடாதீங்க!" பொய் எழுதியது நான், ஆனால் பேச்சு வாங்கியது அவர். பேரேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். குவிந்து கிடந்த கொய்யாக் கிளைகளை ஆடுகள் தின்று முடித்தன.

அடுத்த நாள் காலை போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஆறு மணிக்குக் குரல் தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து கடைசியில் என் முறை.

"டீச்சர்!"

கூப்பிடாதே என்று சொல்லியும் கூப்பிடுகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த "இல்ல"வுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"டீச்சர்!"

அவர் யாரையும் இரண்டாம் தடவை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போர்வையை விலக்கினேன். பிறகு, குரலை மாற்றாமல், தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்:

"வந்துக்கிட்டு இருக்காங்க."

ஐயோ கடவுளே! வராத ஆளுக்கு, கட்டின மனைவிக்குக்கூட, ஒரு நாளும் பேர் போடாத மனிதர்! அடுப்படிக்குப் பின்னால் பழைய வாளியில் ஒரு நெல்லிக்கன்று வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு, நைட்டிக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவர் பேரேட்டைத் திறந்தபடி, பென்சிலை என் பேரில் வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். மணி ஆறு ஐம்பது. ஆறரைக்கு மூடுகிற பேரேடு அது.

"என்னை மன்னிச்சிருங்க ஐயா."

"இருவது நிமிசம் லேட்டு" என்றார், தலையை நிமிர்த்தாமல். "வெரட்டணும். சரி, மொதல்ல ஆள நிறுத்தி மண்ணத் தள்ளுங்க."

நெல்லியை நட்டேன். மூன்றாம் நாள் அதிபரும் ஒரு கன்றோடு வந்து உயிர்த்தெழுந்தார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், ஊருக்கே வெட்கம் வந்து, இரண்டு மாதத்தில் நாற்பது குழியும் நிறைந்தன. குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தச் சரிவுக்குத்தான் போனது. அடுத்த வருடம் மேடம் ஆறு மணிக்கு வந்தார். நாற்பது பேரும் 'வந்திருக்கேங்க' சொன்னார்கள், மேடம் தன் கையால் கிள்ளிக் கிள்ளி இலை உண்மையா என்று பார்த்தார். தாங்கி வந்தது. அந்த வெயில் காலத்தில் கழிப்பறையைப் பூட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மேசைகூடக் காலியாக இருக்கவில்லை.

எனக்கு இப்போது ஹல்துமுல்லைக்கு மாற்றம். ஐயா முழங்கால் வலியோடு அப்புத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே ஜன்னலில் நின்று பூச்சட்டிகளுக்குப் பெரட்டுக் கூப்பிடுகிறாராம். பனிமூட்டத்தில் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று தெரியாததால் எல்லாருக்கும் அரைப்பேர் போட்டு வைக்கிறார் என்று மகள் சொல்லிச் சிரித்தாள்.

இங்கே என் காலைகளில் எந்தச் சத்தமும் இல்லை. இருந்தாலும் ஆறு மணிக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "யாரோட கதைக்கிற?" என்று அறைக்குள்ளிருந்து கணவர் கேட்பார். அப்புத்தளை மலை தெரிகிற ஜன்னல் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொல்வேன்: "வந்திருக்கேங்க ஐயா."