சுற்றறிக்கையார் ஏலம் விட்ட வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சமைத்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான், ஊர் சுற்றினான். ஆனால் இணைய ஏலத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவன் முழு மனிதன் ஆனான் என்பதில் விவரம் தெரிந்த எவருக்கும் ஐயமில்லை. வேண்டாத பொருளை அடுத்தவர் தலையில் கட்டுவது பழைய கலைதான். அந்த அடுத்தவரே 'எனக்கு, எனக்கு' என்று அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து தலையை நீட்டும்படி செய்ததுதான் இந்த யுகத்தின் சாதனை. அந்தச் சாதனையில் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்ட பெருமகனார் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் பிரிவு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் மின்விசிறியை நிறுத்துவது பற்றி, டீ குடித்த கோப்பையைக் கழுவி வைப்பது பற்றி, சுற்றறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி என்று ஓயாமல் சுற்றறிக்கை விட்டதால் 'சுற்றறிக்கை' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. மரியாதை கருதி நாம் சுற்றறிக்கையார் என்போம். ஓய்வு பெற்றதும் ஒரு கொடுமை நடந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. விடுப்புக் கேட்கவில்லை, கருத்துக் கேட்கவில்லை, இரவல் பேனாகூடக் கேட்கவில்லை. வாசலுக்கு வரும் காய்கறிக்காரர் அவரைப் பார்த்து, "அம்மா இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். மனுஷன் உள்ளுக்குள் நொந்து நூலாகிப்போனார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர் 'இணைய ஏலத்தில் இமயம் தொடுவோம்' என்ற ஒருநாள் பயிற்சி முகாமுக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் மேடையில் நடந்துகொண்டே பேசினார். அவர் 'ஏல ஆலோசகர்'. அவர் இதுவரை விற்றிருக்கும் ஒரே சரக்கு ஆலோசனைதான் என்றாலும், அது அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ல சும்மா கிடக்கற பொருள் எல்லாம் சும்மா கிடக்கலை, தூங்குது! அது தூங்கற செல்வம்! தட்டி எழுப்புங்க!" என்று அவர் கத்தியதில் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.

"சார், யாருமே ஏலம் கேக்கலைன்னா?" என்று எழுந்து கேட்டார் சுற்றறிக்கையார்.

"அருமையான கேள்வி! யாராவது ஒருத்தர் கேட்டாத்தான் நாலு பேர் கேப்பாங்க. அதனால நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருத்தரை வச்சு விலையை ஏத்தி விடுங்க. இதை ஏமாத்து வேலைன்னு சில பேர் சொல்லுவாங்க. நாம 'ஊக்குவிப்பு'ன்னு சொல்றோம்."

அரங்கம் கைதட்டியது. சுற்றறிக்கையார் எழுந்து நின்றே தட்டினார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் முதல் நிர்வாகக் குழுக் கூட்டம் கூடியது. தலைவர், அவர். உறுப்பினர், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி. சிறப்பு அழைப்பாளர், டீ குடிக்க வந்து மாட்டிக்கொண்ட மைத்துனர். மனைவியின் தம்பி, தங்கமான பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைச் செய்யவே மாட்டார்.

"வீட்டில் உபயோகம் இல்லாத பொருள்களைக் கண்டறிந்து ஏலம் விடுவது என்று தீர்மானம் கொண்டுவரப்படுகிறது" என்றார் தலைவர்.

"உபயோகம் இல்லைன்னு யாருங்க முடிவு பண்றது?" என்றார் உறுப்பினர்.

"நிர்வாகம்."

"நிர்வாகம் கொஞ்சம் காலைத் தூக்குங்க, பீன்ஸ் கீழே விழுந்துடுச்சு."

உறுப்பினர் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதால் தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. மைத்துனர் விலை ஊக்குவிப்பு அலுவலராக நியமிக்கப்பட்டார்.

"நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம், மாப்ளே. எவன் என்ன விலை கேட்டாலும் அதுக்கு மேல ஒரு படி ஏத்து. ஏலம் நடக்கறப்போ நானே போன் பண்ணினாலும் எடுக்காதே. நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்னு தெரிஞ்சா சந்தேகம் வந்துடும்."

"சரிங்க அத்தான். நீங்க செத்தேன் பிழைச்சேன்னு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்."

முதலில் ஏலத்துக்கு வந்தது சுற்றறிக்கையாருக்கு அலுவலகம் வழங்கிய பிரிவுபசாரக் கேடயம். யாரும் சீண்டவில்லை. அடுத்தது அவருடைய கழுத்துப்பட்டைகள். அவற்றையும் சீண்டவில்லை. 'ஊக்குவிப்பு' செய்யலாம் என்றால், மைத்துனரே, "அத்தான், கேடயத்துல உங்க பேரு இருக்குதே, நான் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று பின்வாங்கிவிட்டார். சுற்றறிக்கையார் கணினி முன் உட்கார்ந்து திரையை வெறித்துப் பார்த்தார். 'ஏலம் கேட்டவர்கள்: இல்லை' என்றது திரை. ஓய்வு பெற்ற மனிதரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது!

அந்தச் சமயத்தில் அவர் மனைவியின் அக்கா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மனைவி உதவிக்குப் போனார். வீட்டில் தனியாக விடப்பட்ட நிர்வாகம் அறை அறையாக ஆய்வு நடத்தியது. பின்கட்டு அறையில் ஒரு பழைய போர்வையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஸ்பைரல் பைண்டிங் மிஷின்.

அது மனைவியுடையது. கைப்பிடியை இழுத்தால் தாள்களின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை விழும். ஓட்டையில் பிளாஸ்டிக் சுருளை ஓட்டினால் புத்தகம். அடுத்த தெருவில் கல்லூரி. ஆண்டு முடிவில் பிள்ளைகள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு, "ஆன்ட்டி, நாளைக்குக் கடைசி நாள், ஆன்ட்டி!" என்று அலறியபடி வருவார்கள். அந்த ஒரு பருவத்து வேலையில்தான் அந்த அம்மா ஆண்டு முழுவதும் யாரிடமும் கை நீட்டாமல் தலை நிமிர்ந்து நடந்தார். மற்ற மாதங்களில் மிஷின் போர்வைக்குள் இருக்கும். நிர்வாகத்தின் கண்ணுக்குப் போர்வை தெரிந்தது. போர்த்திக்கொண்டிருந்தால் தூக்கம்தானே?

தட்டி எழுப்பிவிட்டார்.

கீழிருந்து மேலாக, பக்கவாட்டில், சாயங்கால வெளிச்சத்தில் என்று விதவிதமாகப் படம் எடுத்தார். 'அறிவுலகின் முதுகெலும்பை உருவாக்கும் அரிய இயந்திரம். எத்தனையோ பட்டதாரிகளைக் கரைசேர்த்த கைப்பிடி. குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கண்ணீருடன் பிரிகிறோம்' என்று விவரம் எழுதினார். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து அவரே உருகிப்போனார். ஆரம்ப விலை ஒரு ஜோடி செருப்பின் விலை. ஊக்குவிப்பு அலுவலர் உடனே ஒரு படி ஏற்றினார். திரையில் 'ஏலம் கேட்டவர்கள்: ஒருவர்' என்று வந்தது. நமக்கே சந்தோஷமாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஏலம் முடிகிற நாளன்று மாலை மனைவி ஊரிலிருந்து வந்தார். பருவம் தொடங்க இருந்தது. பையை வைத்துவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனவர், போர்வையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மிஷின் கூடத்தில், கணினிக்குப் பக்கத்தில், துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?"

"ஏலத்துல இருக்கு."

"என்னது! நாளை மறுநாள் பசங்க வரிசையா வந்து நிப்பாங்க. முதல்ல அதை ஏலத்துலேருந்து எடுங்க."

"அது முடியாதும்மா. ஒருத்தர் விலை கேட்டுட்டார். கேட்ட பிறகு பொருளைத் திரும்ப எடுத்தா கணக்கை முடக்கிடுவாங்க. அப்புறம் என் எதிர்காலம் என்ன ஆகறது?"

"கேட்டது யாரு?"

"வெளியூர்க்காரர்" என்றார் சுற்றறிக்கையார். மைத்துனரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதுவும் ஒரு கணக்கில் வெளிதானே?

"அப்போ என் மிஷினுக்கு என்ன வழி?"

அவர் சற்று யோசித்தார். பிறகு, பெரிய மனசு பண்ணி, வரலாற்றுச் சிறப்பு மிக்க அந்தச் சலுகையை அறிவித்தார். "நீயும் ஏலத்துல கலந்துக்கலாம். நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் விலையைப் பார்த்தார். ஒரு ஜோடி செருப்புக்குச் சற்று மேல். "தொலையட்டும் சனியன்" என்று சமையலறைக்குப் போய், தன் கைபேசியில் கணக்குத் தொடங்கி, ஒரு விலை கேட்டார். தளத்தில் யாருடைய பெயரும் தெரியாது. எல்லோரும் வெறும் எண்கள். அடுத்த நொடியே விலை ஒரு படி ஏறியது.

"யாருங்க இவன், விட மாட்டேங்கறான்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"போட்டின்னா அப்படித்தான்" என்றது கூடம்.

அக்கா ஏற்றினார். தம்பி ஏற்றினார். விலை செருப்பிலிருந்து குடைக்குப் போயிற்று, குடையிலிருந்து பிரஷர் குக்கருக்குப் போயிற்று. அக்காளும் தம்பியும் மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது உலகத்திலேயே ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அந்த மனிதர் மைத்துனரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வதற்காகக் கைபேசியை எடுத்தார். எடுக்கத்தான் செய்தார். அதற்குள் விலை சைக்கிளைத் தொட்டுவிட்டது. திரை பச்சை நிறத்தில் மின்னியது. 'உங்கள் பொருளுக்குக் கடும் போட்டி! வாழ்த்துகள்!' என்றது. அலுவலகத்தில் இத்தனை ஆண்டில் ஒருவர்கூட அவருக்கு இப்படி வாழ்த்துச் சொன்னதில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு படி ஏறட்டும் என்று நினைத்தார். அந்த ஒரு படி ஏறியதும் இன்னும் ஒரே ஒரு படி என்று நினைத்தார்.

"காகிதம், சுருள் வாங்க வச்சிருந்தது மொத்தமும் போயிடும் போலிருக்கே" என்றது சமையலறை. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

அதைக் கேட்டதும் அவர் பதறிப்போனார். சத்தியமாகப் பதறிப்போனார், அவர் கெட்டவர் இல்லை. கைபேசியை எடுத்து மைத்துனரைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார், எடுக்கவில்லை. தங்கமான பிள்ளை என்று முன்பே சொன்னோம்.

விலை ஒரு புத்தம் புது மிஷினின் விலையைத் தாண்டிய இடத்தில், எதிராளி ஏனோ ஓய்ந்துவிட, ஏலம் முடிந்தது. மனைவி வென்றார். சுற்றறிக்கையாரின் முதல் விற்பனை வெற்றிகரமாக நிறைவேறியது.

காலையில் தளத்தின் கூரியர்காரர் வந்தார். சீட்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், அனுப்பறவர் விலாசமும் வாங்கறவர் விலாசமும் ஒண்ணா இருக்கே?"

"ஆமாம்."

"அப்போ பொருள் இங்கயே இருக்கட்டுமே சார்? பார்க்கவே என்னைவிட கனமா இருக்கு."

"அது எப்படி? கிடங்குல பதிவாகி, வண்டியில ஏறி, முறையா வந்து சேர்ந்தாத்தான் விற்பனை கணக்குல ஏறும். எல்லாத்துக்கும் ஒரு நடைமுறை இருக்குப்பா."

நடைமுறை மிஷினைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். "மிஷின் வெளியூர் போயிருக்கு" என்று அந்த அம்மா சொல்ல, ஒவ்வொருவராக மூலைக்கடையைப் பார்த்து ஓடினார்கள். பருவத்தின் கொழுத்த நாள்கள் அப்படியே போயின. பிறகு ஒரு வழியாக மிஷின், உலகம் சுற்றிய களைப்போடு, ஒரு மூலை நசுங்கி வீடு வந்து சேர்ந்தது. குடும்பப் பணம் குடும்பத்துக்கே திரும்பியது. தளம் தன் கமிஷனை மட்டும் பெரிதாகக் கிள்ளிக்கொண்டது.

அன்றைக்குத்தான் மைத்துனர் டீ குடிக்க வந்தார். அக்கா கைப்பிடியை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அக்கா, புதுசு வாங்கிட்டியா? பழசை அத்தான் ஏலத்துல போட்டப்பவே நினைச்சேன், உனக்குப் புதுசு வாங்கத்தான்னு. அதான் விடாம ஏத்தினேன்! எந்தப் பைத்தியம்னு தெரியலை, நான் ஏத்த ஏத்த மேல மேல கேட்டுச்சு. மன்னிச்சுக்கங்க அத்தான், போன்ல சார்ஜ் போயிடுச்சு, இல்லாட்டி இன்னும் ஏத்தியிருப்பேன்!"

கைப்பிடி பாதியில் நின்றது. சுற்றறிக்கையார் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"அந்த வெளியூர்க்காரர் இவனா?"

"நிர்வாகக் காரணங்களுக்காக..." என்று தொடங்கியவர், கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். வாங்கியவரின் கருத்தைத் தளம் கேட்டிருந்தது. நிதானமாகத் தட்டி அனுப்பிவிட்டு மறுபடி கைப்பிடியைப் பிடித்தார்.

கூடத்தில் கணினி 'டிங்' என்றது. முதல் வாடிக்கையாளரின் முதல் கருத்து! சுற்றறிக்கையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிறப்பு அழைப்பாளரும் கேட்கட்டும் என்று, உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'பொருளின் தரம் எப்படி?' 'மிகவும் நன்று. பல வருடமாக நான்தான் உபயோகிக்கிறேன்.' 'இந்த விற்பனையாளரிடம் மீண்டும் வாங்குவீர்களா?'"

அடுத்த வரியில் குரல் இறங்கிவிட்டது.

"'வாங்காமல் முடியுமா? என் பொருள் இன்னும் நிறைய இந்த வீட்டில் இருக்கிறது.'"