பூ அனுப்பியவர்

ஐம்பது வயது பிறந்து பத்து மணி நேரம் கழித்து, காப்பீட்டு அலுவலகக் கணக்காளரின் மேசைக்கு ஒரு பூங்கொத்து வந்தது. அனுப்பியது அவரேதான்.

வீட்டில் யாருக்கும் அந்த நாள் நினைவிருக்காது. போன வருஷமும் அப்படித்தான். இந்த வழுக்கையையும் தொப்பையையும் யாராவது நேசிக்க வேண்டாமா? முதலில் உன்னை நீயே நேசி என்று கைப்பேசி வீடியோவில் ஒருவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் கணக்காளர் முந்தைய நாள் பூக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அட்டையில் 'அன்புடன்' மட்டும். பெயர் எழுதக் கை வரவில்லை.

பூ வந்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரிசப்ஷன் பெண் வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "யார் சார் அனுப்பினது?"

மனைவி என்று சொல்லிவைத்தார். ரிசப்ஷன் பெண்ணோ மேடத்தைப் பாராட்டியே தீருவேன் என்று அவர் மனைவிக்குப் போன் போட்டுவிட்டாள். போன் அவர் கைக்கு வந்தது.

"என்ன பூ?" என்றாள் மனைவி.

பழைய நண்பன் யாராவது அனுப்பியிருப்பான் என்று சமாளித்தார்.

"ஆம்பளைக்கு ஆம்பளை பூ அனுப்புவானா?"

நண்பன் இல்லை, சிநேகிதி என்று திருத்தினார். திருத்திய பிறகுதான் உறைத்தது.

மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"யாருன்னு சொல்லுங்க. சொல்லலைன்னா சாயந்தரம் நான் எங்க அண்ணன் வீட்டுல இருப்பேன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் ரிசப்ஷன் பெண். தனக்குத்தானே பூ அனுப்பிக்கொண்டவர் என்று ஓய்வு பெறும்வரை சிரிப்பார்களே. வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடிக்காகப் பிற்பாடு எத்தனையோ நாள் வருந்தினார்.

"எதுக்கு மேடம் மனஸ்தாபம்? பூக்கடை தெரு முனையிலதான் இருக்கு. கேட்டா தெரிஞ்சுடும்" என்று ரிசப்ஷன் பெண் முன்னால் நடந்தாள்.

கடை வாசலைப் பார்த்ததும் மனைவியின் கால் தயங்கியது. வேண்டாம், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் கையைப் பிடித்தாள். அவள் அப்படிக் கையைப் பிடித்து வருஷக்கணக்காகியிருந்தது. தப்பித்தோம் என்று அவரும் திரும்பினார்.

அதற்குள் ரிசப்ஷன் பெண் கேட்டுவிட்டாள்.

தண்டு நறுக்கிக்கொண்டிருந்த பூக்கடைக்காரம்மா நிமிர்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"சாரே வந்து, அவருக்கே அனுப்பச் சொன்னாரு. இதுல என்னக்கா இருக்கு? வருஷா வருஷம் வீட்டுக்காரர் பேரைப் போட்டு, உங்க லேபுக்கு, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கறது இல்லையா?"