குருசாமி வீட்டில் திறுடியது

போலீஸ் ஜீப்பில் நான் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறேன். என்னோடு ஒரு பித்தளை அண்டாவும் ஏறியது. பின்சீட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. நான் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, குற்றவாளிகள் ஏன் எப்போதும் குனிந்தே இருக்கிறார்கள் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

அண்டா என் அப்பாவுடையது. அப்பா பெயர் குருசாமி. தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் எங்கள் பாத்திரங்கள்தான் முதலில் போகும். திரும்பி வருவது அந்தந்த வீட்டாரின் மனசைப் பொறுத்தது. வாய்விட்டுக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். கடைசியில் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்து, அண்டாவில் ஆரம்பித்துக் கரண்டி வரைக்கும் 'குருசாமி வீட்டில் திருடியது' என்று வெட்டச் சொன்னார். அப்படி ஒரு வரியைச் சுமக்கும் பாத்திரத்தை எவன் தன் அடுப்படியில் வைத்துக்கொள்வான் என்பது அவர் யோசனை. யோசனை பலித்தது. எழுத்துதான் பிசகிவிட்டது. அந்த மனிதர் எல்லாவற்றிலும் 'திறுடியது' என்று வெட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் தமிழாசிரியை. கல்யாணச் சீராக அந்த அண்டா ராஜபாளையத்துக்கு என்னோடு வந்த நாளிலிருந்து அந்தப் பெரிய 'று' என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. (குருசாமியில் 'ரு' ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை தாண்டுவதற்குள் அந்த ஆளுக்கு என்ன ஆச்சோ.) பிழையைப் பார்த்துப் பார்த்து, அந்த வரி என்ன சொல்கிறது என்பதையே படிக்க மறந்துபோனேன். பின்னால் வந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

என் மகள் நிவேதாவுக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வ. புதுப்பட்டிக்காரர், போலீஸில் எஸ்.ஐ. பெண் பார்க்க வந்தபோது வேட்டி சட்டையில், கேசரியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சாதுவான மனிதர். நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. சென்னையிலிருந்து நிவேதா போனில் சொன்னாள்.

"பரண்ல கெடக்கிற பாத்திரத்தையெல்லாம் வித்துரும்மா. வாரவங்க பாத்திரக்கடைன்னு நெனைச்சுருவாங்க."

"தாத்தா அண்டாவையுமா?"

"அதத்தாம்மா மொதல்ல."

கைக்குழந்தையாக அவளை அதில் உட்காரவைத்துத்தான் குளிப்பாட்டினேன். கொஞ்சம் வளர்ந்ததும் அதற்குள் ஒளிந்துகொண்டு, கூப்பிடக் கூப்பிட வரமாட்டாள். அதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அண்டாவைக் கீழே இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போது கொஞ்சம் அழுதேன். (புளித்தண்ணி கண்ணில் பட்டுவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.)

எங்கே விற்பது? ராஜபாளையத்தில் விற்றால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நிச்சயத்துக்கு முன்னால் அண்டா குண்டாவையெல்லாம் விற்கிறார்களாம் என்று ஒரு வாய் பேசினால் போதும், குடும்பம் நொடித்துவிட்டது என்று மறு வாய் முடித்துவிடும். அந்தப் பேச்சு புதுப்பட்டிக்குப் போனால் சம்பந்தம் என்னாவது? வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் நாலு பேரிடம் ஆலோசனை கேட்பார். ஆகவே யாரிடமும் சொல்லாமல், அரைநாள் லீவு போட்டு, என்னைத் தெரியாத ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவதென்று தீர்மானித்தேன். புதுப்பட்டிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் வந்து போகிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. பயந்தவர்களின் மூளை ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

அண்டாவைப் பழைய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டினேன். முகத்தை, ஸ்கூட்டியில் போகிற பெண்பிள்ளைகள் போல, கண் மட்டும் தெரியும்படி துப்பட்டாவால் சுற்றிக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டினார்.

"உள்ள என்னக்கா?"

"துணி."

அடுத்த வேகத்தடையில் துணி 'ணங்' என்றது. நான் இறங்கும்வரை கண்டக்டர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பழைய பித்தளை எடுக்கும் கடையில் மூட்டையைப் பிரித்தேன். கடைக்காரர் விரலால் சுண்டிப் பார்த்தார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், உருட்டினார். உருட்டியவர் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"குருசாமி வீட்டில்... திருடியது."

அந்த வரியை இன்னொருவர் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குருசாமி யாரு?"

"எங்க அப்பா."

"அப்பா வீட்டுலேயே திருடுனதா?"

"ஆமா. இல்ல. அது அப்பா எழுதச் சொன்னது."

"திருட்டுக் கொடுத்தவரே எழுதிக் குடுத்தாரா?"

இந்த இடத்தில் விவரமான எவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இருபது வருஷமாக வகுப்பெடுக்கிற வாய் எனக்கு.

"அதுல 'று' தப்பு. சின்ன 'ரு' வரணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப திருடுனது சரி, எழுத்துதான் தப்புங்கீய."

"அப்படிச் சொல்லல."

"மூஞ்சிய எதுக்கு மூடியிருக்கீய?"

"தூசி."

"செத்த நேரம் உக்காருங்க. டீ சொல்லுதேன்."

அவர் உள்ளே போய் போனில் பேசினார். டீ வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். காக்கி உடுப்பில் ஒரு எஸ்.ஐ. வந்தார். அண்டாவைப் பார்த்தார். மூட்டைத் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூஞ்சித் துணிய எடும்மா."

எடுத்தேன். அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாத தலையைக் கண்டதும்தான் எனக்குக் கேசரி ஞாபகம் வந்தது, அவருக்கு டியூட்டி இந்த ஊரில்தான் என்பதும்.

"சம்பந்தியம்மா," என்றார் மெதுவாக.

"சார், தெரிஞ்சவியளா?" என்றார் கடைக்காரர்.

"எம்மவனுக்குப் பொண்ணு குடுக்காவ."

கடைக்காரர் என்னையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே டீ வாங்கப் போய்விட்டார்.

சம்பந்தி என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விசாரித்தார்.

"வீட்டுல அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏதும் கஷ்டமா?"

"ஐயோ, கஷ்டமெல்லாம் இல்ல. வீட்டுல எடம் இல்ல, அதான்."

"சரி, சரி," என்றார். உண்மையைச் சொல்லாதவர்களிடம் சொல்கிற 'சரி, சரி' அது. "நாங்க எதையும் எதிர்பாக்கல. நிச்சயத்தச் சுருக்கமா வச்சுக்குவோம். அண்டாவ விக்கிற அளவுக்குப் போக வேண்டாம்."

அப்பாவின் கூச்சம், இரவல், பேர் வெட்டியவர், பெரிய 'று' எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே நம்பிக்கை குறைந்தது.

பஸ்ஸில் போகவிட மாட்டேன் என்றார். ராஜபாளையத்தில் தனக்கும் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி ஜீப்பை வரவழைத்தார். மரியாதைக்காகச் செய்தது. அந்த மரியாதை எங்கள் தெருமுனையில் திரும்பியபோது குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜீப் எங்கள் வாசலில் நின்றது. முதலில் அண்டா இறங்கியது. எழுத்து தெருவைப் பார்த்தபடி இருந்தது. பிறகு நான் இறங்கினேன்.

எதிர்வீட்டு லட்சுமி வரி முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு, "டீச்சர், ஜாமீனுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, இவிய சும்மாதான் இருக்காவ," என்று தன் கணவரைக் காட்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் கைகூடக் கழுவாமல் வாசலில் நின்றார். ஜீப் போனதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சம்பந்தம் இருக்கா, போச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நிவேதாவுக்குப் போன் செய்யத் தைரியம் இல்லை. புதுப்பட்டியிலிருந்து பேச்சு மூச்சில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார், நான் அண்டாவைப் பார்ப்பேன். கூடத்தின் நடுவில் அது பளபளவென்று நின்றது. அதைப் பரணில் திரும்ப ஏற்ற இருவருக்குமே கை வரவில்லை.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா பேசினார்கள். "மதினி, அவிய வந்ததுலேருந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். சீர்ல வேற எது இருந்தாலும் இல்லாட்டாலும், அந்த அண்டா இருக்கணும். வித்துராதீய."

நிச்சயத்தன்று சபை நடுவில் தட்டு மாற்றுவதற்கு முன் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பந்தி எழுந்து நின்று, நடந்ததைக் கோர்ட்டில் சாட்சி சொல்வது போல ஒன்று விடாமல் சொன்னார். மூட்டைத் துணியின் பூப்போட்ட டிசைன் உட்பட.

அண்டா இப்போது புதுப்பட்டியில், அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நிவேதாவும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வரும்போது நாங்களும் போவோம். யாராவது விருந்தாளி வந்துவிட்டால் போதும், சம்பந்தி அண்டாவைத் திருப்பி வைத்து வாசித்துக் காட்டுவார். பிறகு நிவேதாவைக் கை காட்டி, "இதும் அதே குருசாமி வீட்டு உருப்படிதான். திருப்பிக் கேக்க அம்மையும் அப்பனும் வந்துருக்காவ," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "அது பெரிய 'று' இல்ல, சின்ன 'ரு' வரணும்," என்பேன். இன்னொரு முறை சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். ஆனால் கண்ணை அந்த 'று'விலிருந்து எடுக்க மாட்டேன். எடுத்தால், நிவேதாவைப் பக்கத்தில் வைத்து அந்த வரியைப் படித்துவிடுவேன்.