சைலன்சர் மாமாவும் தாய் இறால் தொட்டியும்

சூடு வீணாகப் போவதைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்ட மனிதர் இந்த உலகத்திலேயே சைலன்சர் மாமா ஒருவர்தான். கிள்ளைப் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் அவர் ஜெனரேட்டர் ஆபரேட்டர், நான் ஆபீஸ் வேலை. எனக்கு உறவெல்லாம் இல்லை, பண்ணையில் எல்லோருக்கும் அவர் மாமா. கரண்ட் இருப்பதைவிட இல்லாதது ஜாஸ்தியாக இருந்த வருஷங்கள் அவை.

செம்மண்டலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிதான் அவருக்கு அடுப்பு. டிபன் பாக்ஸை அதன்மேல் வைத்தால் சிதம்பரம் வருவதற்குள் சாம்பார் கொதிக்கும். ஒருநாள் பிரேக் போட்டதில் அது டிரைவர் மடியில் கவிழ்ந்துவிட்டது. அந்த ஆள் திட்டி முடிக்கும்வரை மாமா பொறுமையாக இருந்துவிட்டு, "சூடு எப்படி இருந்துச்சு மாப்ள, அத சொல்லு" என்று கேட்டாராம்.

பண்ணை ஜெனரேட்டரின் சைலன்சரைப் பார்த்துப் பார்த்துப் புலம்புவார். "டீசல் ஊத்துறது நாம, குளிர் காயுறது காக்காவா?"

கடைசியில் சென்னைக்குப் போய்த் தீப்பெட்டி அளவுத் தகடுகள் கொஞ்சம் வாங்கி வந்தார். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் அந்தத் தகட்டில் கரண்ட் பிறக்குமாம். அவற்றைப் புகைக்குழாயில் வரிசையாகக் கட்டி, வெளிப்பக்கம் குளிர மேலேயிருந்து தண்ணீர் ஓடவிட்டார். அத்தனை அமர்க்களத்துக்கும் ஓடியது, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் குட்டி மோட்டார் ஒன்று.

"நெய்வேலிக்காரன் இந்நேரம் பயந்துபோயிருப்பான் மச்சான்" என்றார் என்னிடம்.

முதலாளிக்குச் சிரிப்புகூட வரவில்லை. "அந்தப் பொம்மைய என் கண்ணுல படாத எடத்துல வையி" என்றார். மாமா அதன் காற்றுக் குழாயை, ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே இருந்த தாய் இறால் தொட்டிக்குள் விட்டார்.

அந்தத் தொட்டிதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. கடலிலிருந்து பிடித்து வந்த முட்டை இறால்கள் அதில் இருந்தன. அவை செத்தால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ அப்போதுதான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. வேலை நிலையானதுதானே என்று பெண்ணின் அப்பா கேட்க, பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. தண்ணீருக்குக் காற்று இல்லை.

"ஏன்யா நின்னுச்சு?" என்று முதலாளி ஓடி வந்தார்.

"பொகை ரொம்ப அவசரமா ஓடுது மொதலாளி. கொஞ்சம் நின்னு சூட்டக் குடுத்துட்டுப் போவட்டும்னு கொழா வாயில தகரம் வெச்சேன்."

"மூக்கப் பொத்துனா நீ மூச்சு விடுவியா?"

மாமா கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மாட்டிக்கொண்ட தகரத்தைப் பிடுங்க ஆரம்பித்தார். மற்றவர்கள் குஞ்சுத் தொட்டிகளில் இறங்கி, காற்றுக் கலக்கட்டும் என்று பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். தாய் இறாலிடம் இந்த வைத்தியம் செல்லாது. மிரண்டு துள்ளி வெளியே விழுந்துவிடும்.

பார்க்கப் பயந்துகொண்டே அங்கே போனேன். தொட்டியில் குமிழ் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றாலும் குழாய் நெருப்பாக இருந்தது. அந்த மிச்சச் சூட்டில் குட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குழாய் ஆற ஆறக் குமிழும் குறைந்தது, கூடவே என் கல்யாணமும் குறைந்தது. ஒன்றிரண்டு குமிழாக வந்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தகரம் கழன்றது, ஜெனரேட்டர் உறுமியது. நான் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

முதலாளி வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். மீசையை ஆட்டிக்கொண்டு எல்லா இறாலும் உயிரோடு இருந்தன.

"தகரம் வெச்ச கைய ஒடைக்கணும்."

"சரி மொதலாளி."

"அந்த மோட்டார மட்டும் கழட்டாத."

"அப்ப இன்னும் நாலு தகடு வாங்கிக்கவா மொதலாளி?" என்றார் மாமா.

என் கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பட்டு வேட்டி கட்டிய ஒருவர் பந்திக்குப் போகாமல், மண்டபத்து ஜெனரேட்டரின் புகைக்குழாய் அருகே கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மாப்ள அவரு?" என்று மாமனார் சந்தேகமாகக் கேட்டார்.

"என் தாய்மாமன்" என்றேன்.