அமரர் ஊர்திக்கு ஏற்ற ஸ்பீக்கர்

"டிக்கியில எவ்வளவு இடம் இருக்கும்?" என்று கேட்டார் ஸ்பீக்கர் கடைக்காரர்.

"அது வர்ற ஆளைப் பொறுத்தது" என்றார் மீசைக்காரர்.

கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்றும், அதன் கீழே 'அமைதியே எங்கள் சேவை' என்றும் எழுதியிருந்தது. கையில் எடுத்த அளவு நாடாவை அவர் மறுபடியும் மேசைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

மீசைக்காரருக்கு இந்த ஓட்டுநர் வேலை கிடைத்ததே மீசையால்தான். அதைப் பார்த்த முதலாளி, இந்த ஆள் எதற்கும் அசரமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். மீசைக்குப் பின்னால் இருந்தவரை யாரும் விசாரிக்கவில்லை.

செத்தவர்களிடம் அவருக்குப் பயம் கிடையாது. அவர்களுடைய மௌனம்தான் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை தனியாக ஓட்ட வேண்டும். பின்னால் இருப்பவர் பேசமாட்டார் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் தப்பித்தவறிப் பேசிவிட்டால் என்ன செய்வது? ஒருநாள் தைரியத்துக்காக, "இன்னைக்கு வெயில் ஜாஸ்திதான்" என்று இவரே பேச்சைத் தொடங்கிப் பார்த்தார். பதில் வந்துவிடுமோ என்று மீதி தூரம் முழுக்க வியர்த்துக் கொட்டியது.

பயமாக இருந்தால் வேலையை விட்டுவிட்டுத் தன் அண்ணன் கடைக்கே திரும்பப் போகச் சொன்னாள் மனைவி. அங்கே அவர் ஏற்கெனவே பொட்டலம் கட்டியவர். "நம்ம மாப்பிள்ளைக்கு மீசை வளர்ந்த அளவுக்குக் கை வேகம் வளரலை" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் மச்சான் சொல்லிச் சிரிப்பார். அதற்கு இந்தப் பயணிகளே தேவலை, குறை சொல்வதில்லை. இந்த வேலை போனால் மறுபடியும் பொட்டலம் கட்டும் அந்த நூல்கண்டுதான்.

ஆகவே, வண்டியில் பாட்டு வேண்டும். முதலாளிக்கும் தெரியக் கூடாது.

இடத்தை அடைக்காத வழி என்று கதவுகளில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைப் பொருத்திக் கொடுத்தார் கடைக்காரர். அவற்றில் பாட்டு சன்னமாகத்தான் வந்தது. யாரோ பின்னால் படுத்துக்கொண்டு தனக்குத்தானே பாடுவது போலிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வந்த மௌனம், பழைய மௌனத்தைவிட மோசம்.

"திம்முன்னு அதிர்ற பேஸ் இல்லாததுதான் குறை" என்று சொல்லி, சவப்பெட்டி ஏற்றும் தட்டுக்கு அடியில் தட்டையான சப்வூஃபர் ஒன்றைச் செருகினார் கடைக்காரர். காலி வண்டியில் ஓட்டிப் பார்த்தபோது ராஜ யோகமாக இருந்தது. மறுநாள் ஆள் ஏறியதும் பெட்டியின் மூடி பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்தது. மீசைக்காரர் பாட்டை நிறுத்தினார். அதற்குப் பிறகும் இரண்டு தட்டு கேட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டிராஃபிக் போலீஸ்காரர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்ன வேண்டும் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம், சும்மாதான் என்றார்.

கடைக்காரர் விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"தாளம் தப்பாமத் தட்டினாரா?"

"தப்பலை."

"அப்போ ஸ்பீக்கர் நல்லாத்தான் வேலை செய்யுது."

இருந்தாலும் மனசு வைத்து அதைக் கழற்றி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் மாற்றிக் கொடுத்தார். இப்போது மீசைக்காரரின் உடம்பு மொத்தமும் கிடுகிடுத்தது. இதில் பயம் எவ்வளவு, பாட்டு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

மிச்சம் இருந்தது முதலாளியின் கண். தினமும் காலையில் வந்து டேஷ்போர்டில் விரலால் தேய்த்துத் தூசி பார்ப்பவர் அவர். அதனால் பிளேயரைப் பக்கத்துச் சீட்டின் முன்னால் இருந்த சாமான் அறைக்குள் ஒளித்துவைத்து, அதற்கு ஒரு மூடியும் போட்டார் கடைக்காரர். அடிக்கடி திறக்க வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், சாவியைத் திருப்பினாலே பாட்டு தானாக வரும்படியும் செய்துவிட்டார். ஆட்கள் எதிரில் வண்டி எடுக்கும்போது மட்டும், மறக்காமல் முதலில் மூடியைத் திறந்து அணைத்துவிட வேண்டும். மீசைக்காரரும் மறக்காமல் அணைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் காலமானார்.

"பெரிய இடம், பாத்து நடந்துக்க. அவர் இருக்கிற இடத்துல இன்னொருத்தர் குரல் கேட்கக் கூடாது, அப்படிப்பட்ட மனுஷன்" என்று எச்சரித்தார் முதலாளி.

வீட்டு வாசலில் அவரிடம் படித்த ஒரு ஊரே கைகட்டி நின்றது. மயானத்துக்குப் போகப் பெட்டியை ஏற்றியாயிற்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னால் நின்ற கார்களில் ஏறினார்கள். தலைமை ஆசிரியரின் மனைவி மட்டும், நான் இவர்கூடத்தான் போவேன் என்று சொல்லி வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் சாமான் அறையின் மூடியில் முட்டிக்கொண்டு இருந்தன.

"அம்மா, கால் இடிக்குது பாருங்க, கொஞ்சம் தள்ளி..." என்று இழுத்தார் மீசைக்காரர்.

பரவாயில்லை என்று அந்த அம்மா தலையாட்டிவிட்டார்.

முதலாளி வெளியிலிருந்து, எடு என்று கையைக் காட்டினார். தலைமை ஆசிரியரின் மகன் வந்து கண்ணாடியைத் தட்டி, ஏன் தாமதம் என்று கேட்டார். பேட்டரியாவது செத்திருக்கக் கூடாதா என்று மனசார வேண்டிக்கொண்டு மீசைக்காரர் சாவியைத் திருப்பினார். அன்றைக்கு உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

குத்துப்பாட்டு. சீட்டு கிடுகிடுத்தது. கண்ணாடி அதிர்ந்தது. 'அமைதியே எங்கள் சேவை' என்ற எழுத்துகள் தெருவுக்கே தெரியும்படி நடுங்கின. ஊர் மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது.

முதலாளி நிதானமாக நடந்துவந்து ஜன்னலில் குனிந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இவரைக் கொண்டுபோய் இறக்கிட்டு, சாவியைக் குடுத்துட்டுப் போயிடு."

மீசைக்காரரின் கண்முன் மச்சானின் நூல்கண்டு உருண்டு வந்தது. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"எனக்குப் பயம், முதலாளி. பின்னாடி ஒரு மனுஷன் ஒரு வார்த்தை பேசாம வந்தா, என்னால தாங்க முடியலை" என்றார். மீசை நனைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க அம்மா. காலைக் கொஞ்சம் நகர்த்துங்க, அணைச்சிடறேன்."

அந்த அம்மா காலை நகர்த்தவில்லை. மூடியை நோக்கி நீண்ட அவர் கையைப் பிடித்து மெதுவாக ஸ்டீயரிங்கின் மேலேயே திரும்ப வைத்தார். முதலாளியைப் பார்த்து, இந்தப் பிள்ளை வேலையில் இருக்கட்டும் என்றார். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் கார்ல ஒரு பாட்டு கேட்டதில்லை, வழி பூரா எனக்குப் பாடம்தான். நீ கொஞ்சம் சுத்தியே போ தம்பி, இன்னைக்குத்தான் மனுஷன் வாயைத் திறக்காம வர்றார்."