மலைக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்

எல்லைத் தகராறு தீர்ந்த அன்றுதான் என் வீட்டில் தகராறு ஆரம்பித்தது.

எங்கள் வரதய்யபாளையம் சென்னை ராஜ்யமா, ஆந்திராவா என்று பெரியவர்கள் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்து வருஷம் பேசினாலும் எனக்குச் சம்மதம்தான். காரணம், என் தலைமுடி.

எங்கள் மூத்த மகனுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது என் மனைவி அம்சவேணி ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் மொட்டை. யாருக்கு? எனக்கு! காய்ச்சல் அவனுக்கு, வேண்டுதல் அவளுக்கு, முடி மட்டும் என்னுடையது. பிள்ளை பிழைத்துக் கல்யாணமும் ஆகிவிட்டது. முடி மட்டும் அப்படியே இருந்தது. ஐம்பது தாண்டியும் ஒரு நரை கிடையாது. தினமும் சரிபார்ப்பேன். ஆண்டவன் எனக்குக் கொடுத்த ஒரே அழகு அதுதான், மற்றதெல்லாம் சுமார். கொடுத்தவரே அதைத் திருப்பிக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதனால் அவள் கேட்கும்போதெல்லாம், "மலை இப்ப வேற ராஜ்யத்துல கீது. எல்லை தீரட்டும், போலாம்" என்று சொல்லி வந்தேன்.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி எங்கள் வட்டாரத்தை ஆந்திராவில் சேர்த்துவிட்டார்கள். அன்று காலையில் காப்பியோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, எல்லை தீந்துட்ச்சாமே?"

"ஆமா."

"மலை நம்ம ராஜ்யத்துக்கே வந்துட்ச்சாமே?"

"மலை எங்க வந்துச்சி? நாமதான் அங்க போனோம்."

"யாரு போனா இன்னா? நாம எப்ப போறோம்?"

டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் பக்கத்தில் 'மலை' என்றால் திருமலை ஒன்றுதான். ஆனால் உலகத்தில் மலைக்கா பஞ்சம்? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்தக் கோடையில கண்டிப்பா மலைக்குப் போறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா மலைக்கு!"

அவள் விளக்கேற்றிக் கும்பிட்டாள். நான் நேராகப் பக்கத்து வீட்டு எர்னஸ்டிடம் போனேன். பட்டாளத்தில் இருந்து வடக்கெல்லாம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் என்பதால் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக்கை.

"அண்ணே, இமயமலையைப் பாக்கணும். பனி பாக்கணும்."

இதில் சூது மட்டும் இல்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உச்சி வெளுத்த ஒரு மலையின் படம் இருந்தது. அதற்கு அடுத்த வருஷமே என் படிப்பு முடிந்துவிட்டது. அந்தப் படம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சாவதற்குள் ஒருமுறை பனியைப் பார்த்துவிட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாத ஆசை.

"அப்போ நைனிடால் போ அப்பாவு" என்றார் எர்னஸ்ட். "ஏரி கீது. கொஞ்சம் மேல ஏறினா, எதிர்ல பனிமலை. பால் ஊத்தினாப்புல இருக்கும்."

"துன்றதுக்கு இன்னா கிடைக்கும்?"

"ரொட்டியும் டாலும்."

"டாலா?"

"நம்ம பருப்புதான்பா. அங்க அதுக்குப் பேரு டால்."

பெட்டியிலிருந்து காதை மூடும் கம்பளிக் குல்லாய் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் வெயிலில் மாட்டிப் பார்த்தேன். இமயமலை ஆசை நெற்றியில் வேர்வையாக வழிந்தது.

ரயில் விவரமெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் அவளிடம் விஷயத்தை உடைத்தேன்.

"மலைன்னு சொன்னேனே, எந்த மலைன்னு சொன்னேனா? இமயமலை! நைனிடால்!"

கத்துவாள் என்று கதவோரமாக நின்றிருந்தேன். அவள் கத்தவில்லை. எனக்குப் பயம் வந்தது.

"நைனாவா? எங்க நைனா நாராயணவனத்துலல்ல கீறாரு?"

"உங்க அப்பா நைனா இல்லடி. நைனி... டால்!"

"இன்னா ஊரு பேரு இது! சரி, அங்க இன்னா இருக்கு?"

"துன்றதுக்கு டால், அதான் நம்ம பருப்பு. மலை உச்சியில பனி!"

"மலை, நைனா, டால், உச்சியில பனி. இவ்ளோதானே? ஒண்ணும் கொறை வெக்காம பாத்துட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது கிடையாது. அன்று இரண்டு தரம் தலை வாரிக்கொண்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுச் சந்திரம்மா வந்தாள். கையில் மஞ்சள் துணி முடிப்பு. "அண்ணா, எம் மருமவ பிரசவத்துக்கு முடிஞ்சி வெச்சது. உண்டியில சேத்துடுங்க." பின்னாலேயே வெங்கடம்மா, "கொண்டகு போதுன்னாரண்டா!" என்று, மலைக்குப் போகிறீர்களாமே என்பதைத் தெலுங்கில் குதூகலித்து, வெள்ளிக் கண்மலரை என் கையில் வைத்தாள். மதியத்துக்குள் கூடை நிறைந்துவிட்டது.

உள்ளே ஓடினேன். "ஊர்ல இன்னா சொல்லி வெச்சிக்கீறே?"

"நீங்க சொன்னதுதான். மலைக்குப் போறோம்னேன். எந்த மலைன்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல."

"திருப்பிக் குடுத்துடு!"

"சாமிக்கு முடிஞ்சதைத் திருப்பறதா? நல்லாக் கீதே! நைனிடால்ல உண்டி இருந்தா சொல்லுங்க, அங்கியே போட்டுடலாம்."

நைனிடாலில் பெருமாளுக்கு உண்டியல் உண்டா என்று எர்னஸ்டைக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்புக்கு அவர் வீட்டுக் கோழிகள் ஓடின.

"சரி" என்றேன் அவளிடம். "போறோம், உண்டியில போடறோம், அப்படியே ரயில் ஏர்றோம். என் முடியில ஒருத்தரும் கை வெக்கக் கூடாது."

"உங்க முடியை யாரு கேட்டாங்க? நான் பூமுடி குடுக்கறேன், போதும்."

பூமுடி என்றால் பெண்கள் கூந்தல் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பது. எனக்கு அவள்மேல் அன்பே பொங்கியது.

திருமலையில் மொட்டை போடும் கல்யாணக்கட்டாவில் சரியான கூட்டம்.

"இன்னாங்க, எனக்கு இடம் புடிச்சி உக்காந்துகினு இருங்க. கூடையை வெச்சிட்டு வந்துடறேன்."

உட்கார்ந்தேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் கடைசியாகத் தலை வாரி உட்கார்ந்த... இல்லை, அவ்வளவு சொல்லக்கூடாது. முடி மறுபடி முளைத்தது, நரையோடு.

நாவிதர் என் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"ஐயோ, முடியாது!" என்றேன்.

"ஆ, முடி! முடி!" என்று அவர் தலையாட்டினார். தமிழ்நாட்டுக்காரர்களிடம் அவர் கற்ற தமிழ் அந்த ஒரே சொல்தான் போலிருக்கிறது.

"முடியாதய்யா! முடியாது!"

"முடியே, முடியே!" என்று கத்தியைத் தீட்டினார். நான் எத்தனை தரம் மறுத்தேனோ அத்தனை தரம் சம்மதித்ததாக ஆயிற்று.

எனக்குத் தெலுங்கு வராது. இத்தனை நாள் வேறு ராஜ்யம் அல்லவா! ஆனால் நாராயணவனத்தில் பிறந்த அம்சவேணி தெலுங்கில் சந்தையையே பேரம் பேசுவாள். நல்லவேளையாகக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"அம்சா! வேணாம்னு தெலுங்குல சொல்லுடி!"

அவள் நாவிதரிடம் பணிவாகச் சொன்னாள்: "பாகா கொரகண்டி."

அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. கத்தி உச்சியில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. நன்றாக மழியுங்கள்.

தரிசனம் முடிந்து, கூடையைக் காலி செய்து, மலை இறங்கியதும், ரயிலடிக்குப் போகாமல் அவள் ஏற்றிய பஸ் நாராயணவனத்துக்குப் போயிற்று. கேட்கத் தெம்பில்லை. வெட்கத்தில் கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டிருந்தேன். கோடை வெயிலில் என்னைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், குளிர் ஜுரமோ என்று தள்ளி உட்கார்ந்தார்.

மாமனார் வாசலில் நின்று வரவேற்றார். இலை போட்டார்கள். சோறு வைத்து, அதன்மேல் பருப்பை ஊற்றினாள் அம்சவேணி.

"மலை ஆச்சா? இதோ எங்க நைனா. இது டாலு."

என் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் சரி. பனி?"

"அதையா மறப்பேன்?" என்று குல்லாயைப் பிடுங்கினாள். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தை என் தலை முழுக்க வெளுக்கப் பூசினாள். சில்லென்று இருந்தது. பிறகு அவள் நைனாவின் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உச்சியைப் பாருங்க."