முள் இல்லாத கெண்டை

கிஷோர், தர்ஷினி, உங்கள் அப்பாவுக்கு மீன் தின்னத் தெரியும், செதில் சுரண்டி ஆயத் தெரியாது. இந்த ஒரு வரியை அன்றைக்குக் காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. சொல்லவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு வாய் முதலில் வீடு வந்து சேரும். புத்தி பின்னால் ஷேர் ஆட்டோவில் வரும்.

தர்ஷினி, உனக்கு அப்போது ஆறு வயது. அதற்கு முந்தின வருஷம் சங்கரா மீன் முள் உன் தொண்டையில் மாட்டி, டாக்டர் இடுக்கி விட்டு எடுத்தார். அதிலிருந்து நீ மீனைத் தொடவில்லை. மீன் என்ன, இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுச் சோதனை போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது நீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாய். அந்தக் குட்டி முதுகைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் தாங்காமல், "முள்ளே இல்லாத மீன் அப்பா செஞ்சு தரேன். அப்பா கேரண்டி" என்று சொல்லிவிட்டேன். நீ நம்பிவிட்டாய். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கதவு தட்டும் சத்தம். உங்கள் அம்மாவின் தம்பி டில்லி, கையில் பக்கெட்டோடு நின்றான். குத்தம்பாக்கம் பக்கம் ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு நேராக நூம்பலில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். உள்ளே இரண்டு மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

"டில்லி, விரால்தானே கேட்டேன்? அதுலதான் முள்ளு கம்மி."

"விரால் லீவுல போய்க்கீது மாமா. கெண்டைதான் மாட்டிச்சி. உசுரோட கொண்டாந்துகீறேன், அதப் பாரு."

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, கெண்டையில முள்ள எடுத்துட்டா மிச்சம் இன்னா இருக்கும்? முள்ளுதாங்க கெண்டையே."

மார்க்கெட்டில் வாங்கினால் கடை அக்காவே ஆய்ந்து, துண்டு போட்டு, கவரில் கட்டிக் கொடுத்துவிடுவார். முழு மீனை நான் அதுவரை கையால் தொட்டதுகூட இல்லை. மெதுவாக அம்மா முகத்தைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்குறீங்க? கேரண்டி குடுத்தது நானா? கம்பெனில ஆய்வாளர்னு பேட்ஜ் குத்திகினு கீறீங்கல்ல? போய் ஆயுங்க."

(அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் எனக்குத் தர ஆய்வாளர் வேலை. ஐ.டி.ஐ. படித்தவனுக்கு அது கொஞ்சம் நீளமான பெயர்தான்.)

"ஆய்" என்ற சொல் காதில் விழுந்ததும் நீங்கள் இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தீர்கள். கிஷோர், நீ எழுந்து, "அப்பா ஆய் வாளர்!" என்று பிரித்துச் சொல்லிவிட்டு மறுபடியும் உருண்டாய். தூக்கம் கெட்ட கண்ணோடு நானும் சிரித்துவைத்தேன்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் ஓடைக்கரையில் உட்கார்ந்து ட்ரௌட் என்கிற மீனைச் சுத்தம் செய்கிறார். வயிற்றில் ஒரு கீறல். கட்டைவிரலால் ஒரு வழி. அப்புறம் நடு முள்ளைப் பிடித்து இழுத்தால், ஸ்கூல் பேக் ஜிப் மாதிரி முள்ளெல்லாம் மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது. அவர் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. ட்ரௌட்டுக்கும் கெண்டைக்கும் வால் இருக்கிறது, கண் இருக்கிறது, அப்புறம் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

டில்லி ஒரு மீனைத் தரையில் ஒரு போடு போட்டு அடக்கிக் கொடுத்தான். பின்பக்க பால்கனியில் உட்கார்ந்து, பழைய ரம்பப் பிளேடைத் தீட்டிச் செய்த கத்தியால் செதிலைச் சுரண்டினேன். செதில் தரையில் விழும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அது சுவரில் ஒட்டியது. காய்ந்துகொண்டிருந்த யூனிஃபார்மில் ஒட்டியது. என் புருவத்தில் ஒட்டியது. டில்லி என்னை நிதானமாகப் பார்த்து, "மாமா, இப்ப யாரு மீனுன்னே தெர்ல" என்றான்.

வயிற்றைக் கீறினேன். பச்சையாக என்னவோ உடைந்து கையெல்லாம் வழிந்தது.

"அய்யய்யோ, பித்த ஒடச்சிட்டியே மாமா! கசந்துகினு கெடக்கும்!"

கல்லுப்புப் போட்டுக் கழுவினேன். புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு அந்த வெள்ளைக்காரரை மனதில் நினைத்துக்கொண்டு நடு முள்ளைப் பிடித்து இழுத்தேன். பாதி முள் பாதிச் சதையோடு வந்தது. மீதி முள் மீதிச் சதையோடு அங்கேயே இருந்தது. ஜிப் அறுந்துவிட்டது.

விட்டிருக்கலாம். ஆனால் நீ, தர்ஷினி, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, கையில் டார்ச்சோடு என் எதிரே உட்கார்ந்துவிட்டாய். நான் அம்மாவின் புருவ இடுக்கியை எடுத்து முடி மாதிரி இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு துண்டு முடித்து உன்னிடம் நீட்டினால் நீ வெளிச்சம் அடித்து, விரலால் தடவி, "இருக்கு" என்பாய். திரும்ப எடுப்பேன். திரும்ப நீட்டுவேன்.

"இங்க ரெண்டு இருக்குப்பா. இங்கிலீஷ் ஒய் மாதிரி இருக்கு பாரு."

இத்தனை வருஷம் எத்தனை பேர் செய்த வால்வை நான் திருப்பி அனுப்பியிருப்பேன்! அவர்கள் முகமெல்லாம் அன்றைக்கு என் கண்முன்னே வந்து போனது. கண் சொக்குகிறது, முதுகு விண்ணென்று தெறிக்கிறது, நீ விடவில்லை. கடைசியில் அவ்வளவு பெரிய மீன் ஒரு கைப்பிடி பிசைந்த மாவாகி நின்றது. அம்மா பெரிய மனது வைத்து வெங்காயம், மிளகாய் போட்டுப் புட்டாகக் கிளறினாள். இன்னொரு கெண்டையை அவளே ஆய்ந்து, முள்ளோடு குழம்பு வைத்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தோம். உன் தட்டில் புட்டு. நீ தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தாய்.

"ஒரு முள்ளுகூட இல்ல கண்ணு. அப்பா சாப்பிட்டுக் காட்டட்டுமா?"

ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். முதலில் கசந்தது. அடுத்து, தொண்டையில் குத்தியது.

சோற்றை உருட்டி விழுங்கினேன். வாழைப்பழம் விழுங்கினேன். டில்லி முதுகில் குத்தினான் (அவனுக்கு வெகு நாள் ஆசை போல). ஒன்றும் நகரவில்லை. டில்லியின் வண்டியில் கிளினிக்குக் கிளம்பினோம். நானும் வருவேன் என்று நீ அழுது, முன்னால் ஏறிக்கொண்டாய். பின்னால் நான், பூந்தமல்லி ரோடு முழுக்கத் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

அதே டாக்டர். உன்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, மறுபடியும் முள்ளா?" என்றார்.

"எனக்கு இல்ல டாக்டர். இவருக்கு."

அவர் இடுக்கியை எடுத்தார். நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். நீ என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஆ காட்டுப்பா. வலிக்காது. நான் கேரண்டி" என்றாய். நர்ஸம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

இன்றைக்கும் கரெண்டு பில் கட்டியாச்சு, கேரண்டி என்று நான் சொன்னால் போதும். நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து "ஆ" காட்டுகிறீர்கள். டில்லி வந்திருந்தால் அவனும் காட்டுகிறான். சரி, காட்டுங்கள்.

அன்றைக்கு முள் எடுத்து வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னபடி எனக்கு ஆறிய தயிர்சாதம். நான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தர்ஷினி, நீ என் தட்டைப் பார்த்தாய், குழம்புச் சட்டியைப் பார்த்தாய்.

"ம்மா, எனக்கு ஒரு துண்டு போடு."

டில்லிதான் கேட்டான். "பயமா இல்லியா பாப்பா?"

"அப்பாவுக்கே மாட்டிச்சி. இன்னா ஆச்சி? ஊட்டுக்கு வந்து தயிர்சோறு துன்னுகினு கீறாரு."

காலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. எந்த இடத்தில் முள் ஒளிந்திருக்கும் என்று உன் விரலுக்கே தெரிந்திருந்தது. சதையைப் பிட்டு, நசுக்கி, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து, மெதுவாகச் சாப்பிட்டாய். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீங்கள் எல்லோரும் படுத்துவிட்டீர்கள். நான் தட்டுகளை எடுத்துப்போய்த் தேய்த்தேன். உன் தட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஓரத்தில் முள்ளெல்லாம் வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு விரல்நுனி அளவு மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டை இன்னும் எரிந்தது. அந்த மீனை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். முள் இல்லை. வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.